அரைக்கட்டை ஏறிய காது

என் வீட்டுக்காரர் கீபோர்டை ஈரத்துணியால் துடைத்திருப்பார் என்றுதான் முதலில் நினைத்தேன். இந்த வீட்டில் எது கெட்டுப்போனாலும் விசாரணை அவரிடமிருந்துதான் தொடங்கும். அவருக்கும் அது பழகிவிட்டது. நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, "நான் தொடவே இல்ல" என்றார். அடுத்தபடியாகச் சாஃப்ட்வேர் மீது சந்தேகம் போனது. அது யாரையும் கேட்காமல் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்கிற ஜாதி. ஸ்பீக்கர், ஒயர், மேஜை, எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். போன வாரம் முழுக்க என்னை மூக்கைச் சிந்தவைத்த சளியை மட்டும் சந்தேகப்படவில்லை. சளி போய்விட்டது. குளித்தபோது தண்ணீர் புகுந்தது போல இடது காதில் ஓர் அடைப்பு மட்டும் மிச்சமிருந்தது. இதற்கெல்லாம் யார் டாக்டரிடம் போவார்கள்?

என் வேலை என்னவென்று கேட்பவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பதற்குள் எனக்கு வாய் வலித்துவிடும். சார் ஒரு இசையமைப்பாளர். அவருக்கு நோட்டேஷன் எழுத வராது, படிக்கவும் வராது. மனதில் வருவதைத் தன் போனில் பாடி எனக்கு வாய்ஸ் மெசேஜாக அனுப்புவார். இந்த இடத்தில் வயலின் இப்படி, கீழே செல்லோ இப்படி, நடுவில் புல்லாங்குழல் எட்டிப் பார்க்க வேண்டும் என்று எல்லாவற்றையும் 'த ந ந'விலேயே சொல்லிவிடுவார். நான் அதைக் காதால் கேட்டு, வலது கையால் மிடி கீபோர்டில் ஸ்வரத்தை அழுத்தி, இடது கையால் கம்ப்யூட்டரின் எண் பொத்தான்களில் அது எவ்வளவு நேரம் நீள வேண்டும் என்பதை அழுத்தி, கோடுகளில் புள்ளி புள்ளியாக ஏற்றுவேன். பிறகு ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனித் தாளாக அச்சடித்து ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோவேன். வாசிப்பவர்கள் அந்தத் தாளைப் பார்த்து வாசிப்பார்கள். அதில் நான் எழுதியதுதான் அவர்களுக்கு வேதவாக்கு.

இரண்டு கையும் இப்படி மாட்டிக்கொள்வதால் போனை இடது தோளுக்கும் இடது காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொள்வது என் வழக்கம். ஸ்பீக்கரில் போட்டுக் கேட்கலாமே என்பீர்கள். கூடாது. வெளிவராத பாட்டு சுவருக்குக்கூடக் கேட்கக் கூடாது என்பது சாரின் கட்டளை. பாடகி பாடி முடித்த குரலைக்கூட ஸ்டூடியோவை விட்டு வெளியே அனுப்ப மாட்டார். அந்தக் குரலைத் தன் காதில் ஓடவிட்டுக்கொண்டே, அதோடு சேர்த்துத்தான் எனக்குப் பாடி அனுப்புவார். சுருதி என்ன என்று சொல்லவும் மாட்டார். ஒருமுறை கேட்டதற்கு, "உங்க காது இருக்கும்போது அதை நான் வேற சொல்லணுமா?" என்றார்.

என் காதுக்கு அங்கே அப்படி ஒரு பெயர். பல வருடங்களுக்கு முன்னால், முழு வாத்தியக்குழுவும் வாசித்துக்கொண்டிருந்தபோது, பின்வரிசையில் ஒரே ஒரு செல்லோ மயிரிழை இறங்கியிருப்பதைச் சுட்டிக்காட்டினேன். அன்றிலிருந்து எனக்குப் பெயர் பாம்புக்காது. அன்றிலிருந்து ஒரு வழக்கமும் உண்டாகிவிட்டது. ஒத்திகை முடிந்ததும் சார் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னைப் பார்ப்பார். நான் தலையை ஆட்டினால்தான் ரெக்கார்டிங். ஆட்டாவிட்டால் எல்லோரும் வில்லை மடியில் வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். தலையாட்டுவதற்குப் போய் இவ்வளவு மரியாதையா என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். தான் வீட்டில் சும்மாவே ஆட்டிக்கொண்டிருப்பதாகவும் சொல்வார்.

நேற்று சாரின் பாட்டை ஏற்றிக்கொண்டிருந்தபோது ஒன்றைக் கவனித்தேன். பாட்டின் சுருதி அங்கங்கே அரைக்கட்டை, அதாவது கீபோர்டில் அடுத்த கட்டை அளவுக்கு, ஏறியது, பிறகு இறங்கியது, பிறகு மறுபடி ஏறியது. பல்லவி ஒரு சுருதி. இடையிசை அதற்கு அரைக்கட்டை மேலே. முதல் சரணம் பழையபடி கீழே. அடுத்த இடையிசையில் திரும்பவும் மேலே. சார் இதற்கு முன்பும் இப்படி விளையாடியிருக்கிறார், ஆனால் ஒரு பாட்டில் ஒரு இடம், மிஞ்சிப்போனால் இரண்டு இடம். இது என்ன, மாடிப்படியில் குழந்தை ஏறி இறங்குவது போல! கீபோர்டில்தான் கோளாறு என்று துடைத்துப் பார்த்தேன், கழற்றி மாட்டினேன். அது ஒழுங்காகத்தான் இருந்தது. கடைசிச் சரணத்தை ஏற்றி முடித்தபோது, அதுவும் பாதியில் அரைக்கட்டை ஏறியது. சரி, மனிதர் இந்த முறை துணிந்துவிட்டார் என்று எனக்கே ஒரு மரியாதை வந்து, அவருக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன்: "சார், அரைக்கட்டை ஏத்தியிருக்கீங்க பாருங்க, பின்னிட்டீங்க!"

கொஞ்ச நேரம் கழித்து, "நிஜமாவா?" என்று மட்டும் பதில் வந்தது.

"நிஜமா சார்" என்றேன்.

இன்று காலை அக்கா போன் செய்தாள். மத்தியானம்தான் ரெக்கார்டிங், தாள்களை அச்சடிப்பது மட்டும்தான் பாக்கி, அதனால் நானும் நிதானமாகவே பேசிக்கொண்டிருந்தேன். பழக்க தோஷத்தில் போன் இடது தோளில்தான் இருந்தது. அக்காவின் குரல் கொஞ்சம் கீச்சென்று இருந்தது.

"உனக்கென்னக்கா, தொண்டை கட்டியிருக்கா?"

"எனக்கா? சளி பிடிச்சது உனக்குடி. என்னை ஏன் இழுக்கற?"

கழுத்து வலித்தது. போனை எடுத்து வலது காதில் வைத்தேன். அக்கா மேற்கொண்டு பேசினாள். அவள் குரல் அரைக்கட்டை கீழே இறங்கியிருந்தது.

திரும்ப இடது காதில் வைத்தேன். ஏறியது. வலது. இறங்கியது. இடது. ஏறியது. "ஹலோ, ஹலோ, என்னடி பண்ற, கேக்குதா இல்லையா?" என்று அக்கா இரண்டு சுருதியில் கத்திக்கொண்டிருந்தாள். அப்புறம் கூப்பிடுகிறேன் என்று சொன்னேனா, சொல்லாமலே வைத்துவிட்டேனா, ஞாபகமில்லை.

நேராகக் கீபோர்டிடம் போனேன். ஒரே ஒரு கட்டையை அழுத்தியபடி, ஒரு விரலால் வலது காதை அடைத்துக் கேட்டேன். பிறகு அதே கட்டை, இடது காதை அடைத்து. ஒரே கட்டை இரண்டு ஸ்வரமாகக் கேட்டது. எந்தக் காது உண்மை சொல்கிறது, எது பொய் சொல்கிறது என்று கண்டுபிடிக்க வழியில்லை. இரண்டும் அவ்வளவு சுத்தமாக, அவ்வளவு உறுதியாகச் சொன்னன.

நேற்று நடந்தது அப்போதுதான் விளங்கியது. சாரின் குரல் இடது காதில். கீபோர்டின் சத்தம் மேஜையின் வலது ஓரத்தில் உள்ள ஸ்பீக்கரிலிருந்து வலது காதில். ஒரு காதில் கேட்டதை மறு காதில் தேடித் தேடி அரைக்கட்டை தள்ளி அழுத்தியிருக்கிறேன். பாட்டை ஏற்றியும் இறக்கியும் பின்னியது சார் இல்லை. என் காது. அதுவும் அடைப்பு மிச்சமிருந்த அந்த இடது காதாகத்தான் இருக்க வேண்டும்.

என் மேஜைக்குப் பக்கத்தில் நின்று ஷூ மாட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டார். அவர் டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். எதற்கும் சட்டென்று பயப்படாத மனிதர், தினமும் புதுசு புதுசாக யாரோ ஒருவர் ஓட்டும் வண்டியில் உட்காருவது அவருக்குத் தொழில்.

"என்னம்மா? யாருக்கு என்ன?"

"காது போச்சுங்க."

சொல்லிவிட்டு அழுதேன். அழுகை என் இரண்டு காதிலும் எப்படிக் கேட்கிறது என்று அப்போதும் கவனித்தேன் என்றால் என் புத்தியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் சொல்லச் சொல்ல அவர் முழுவதையும் கேட்டார். பாதி புரிந்திருக்காது. அவருக்கு இசை என்றால் ஞானசூன்யம். காலிங் பெல் அடித்தால் போனை எடுத்து ஹலோ சொல்கிறவர். ஆனால் விஷயத்தின் கழுத்தைப் பிடித்துவிட்டார்.

"இப்பவே டாக்டர்கிட்ட போலாம். பிரேக் பிடிக்காத வண்டியை ஓட்டிக்கிட்டே போய் ரிப்பேர் பாக்க முடியாது. முதல்ல நிறுத்தணும்."

"மத்தியானம் ரெக்கார்டிங்குங்க. இருபது முப்பது பேர் வந்து உக்காந்திருப்பாங்க. தப்பான தாளைக் குடுக்கச் சொல்றீங்களா?"

"அந்த மிஷின்ல எல்லாத்தையும் மொத்தமா இறக்க ஒரு வழி இருக்குன்னு சொல்வியே?"

இருக்கிறது. ஒரே அழுத்து, முழுப் பாட்டும் அரைக்கட்டை இறங்கிவிடும். ஆனால் முழுப் பாட்டும் தப்பில்லையே! நேற்று காலையில் ஹெட்போனை வலது காதில் மட்டும் மாட்டி ஆரம்பித்தேன். அதன் ஒயரில் சத்தம் விட்டுவிட்டு வந்ததால் தூக்கி எறிந்துவிட்டுப் போனைத் தோளில் இடுக்கினேன். போனில் சார்ஜ் இறங்கியதும் வலது பக்கத்தில் சார்ஜரில் போட்டுவிட்டு, அங்கேயே சாய்ந்து வலது காதால் கேட்டேன். சார்ஜ் ஏறியதும் மறுபடி தோள். எந்தப் பகுதி எந்தக் காதால் கேட்டது என்று யாருக்குத் தெரியும்? போதாக்குறைக்கு, சார் நிஜமாகவே எங்காவது அரைக்கட்டை ஏற்றியிருந்தால்? அதையும் சேர்த்து இறக்கிவிட்டால்? சாரையே கேட்டுவிடலாம்தான். 'எந்தெந்த இடத்தில ஏத்தினீங்க சார்' என்று பாம்புக்காது கேட்டால், அடுத்த பாட்டு வேறு யாருக்காவது போகும். யாரும் என்னைத் திட்ட மாட்டார்கள். மரியாதையாக நலம் விசாரிப்பார்கள். அவ்வளவுதான், அத்தோடு முடிந்தது. இந்தக் காதை விட்டால் எனக்குப் பிழைக்க வேறு எதுவும் தெரியாது.

அப்போதுதான் டியூனர் நினைவுக்கு வந்தது. கிட்டார் கம்பியைச் சுருதி சேர்ப்பதற்கென்று போனில் போட்டுக்கொள்ளும் ஓர் ஆப். சத்தத்தைக் கேட்டு, இது இன்ன ஸ்வரம் என்று எழுத்தில் காட்டும். காதில்லாதவர்களுக்கானது என்று நானே எத்தனையோ பேரைக் கிண்டல் செய்திருக்கிறேன். இப்போது என் வீட்டுக்காரரிடம் அவருடைய போனில் அதை இறக்கச் சொன்னேன். அவர் அன்றைக்கு வண்டி பழக வேண்டியவர்களிடம் ஏதோ சாக்குச் சொல்லிவிட்டு, ஷூவைக் கழற்றாமலே என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

ஜன்னலைச் சாத்தினோம். சுவருக்குக் கேட்கக் கூடாத பாட்டை, வாழ்க்கையில் முதல்முறையாக ஸ்பீக்கரில் போட்டேன். சார் 'த ந ந' என்று பாடினார். என் வீட்டுக்காரர் தன் போனை அதன் முன் நீட்டி, பரீட்சையில் பிட்டைப் படிக்கிற மாதிரி கண்ணைச் சுருக்கிக்கொண்டு படித்தார்.

"டி... இல்ல இல்ல, டிக்குப் பக்கத்துல ஒரு வேலி மாதிரி போட்டிருக்கு."

"அது ஷார்ப். வேலி இருந்தா வேலின்னே சொல்லுங்க, போதும்."

"டி வேலி. அப்புறம் எஃப்... ஏம்மா, இவரு ஒரு இடத்துல நிக்க மாட்டாரா? முள்ளு ஆடிக்கிட்டே இருக்கு."

"அது கமகம். நடுவுல எங்க நிக்குதோ அதைச் சொல்லுங்க."

"கமகமோ என்னவோ, இவர் வண்டி ஓட்டினா லைசென்ஸ் கிடைக்காது."

சிரிப்பு வந்தது, சிரிக்கத் தெம்பில்லை. ஒவ்வொரு மெசேஜின் முதல் சில ஸ்வரங்களையும் அவர் படிக்க, நான் திரையில் ஒத்துப் பார்த்தேன். அரைக்கட்டை ஏறியிருந்த பகுதியைத் தேர்ந்தெடுத்து இறக்கினேன். இறக்கும்போதெல்லாம் புள்ளிகள் மொத்தமாக நழுவி, போக வேண்டிய கோட்டில் போய் உட்கார்ந்தன. இடையிசை தப்பு. முதல் சரணம் சரி. அடுத்த இடையிசை தப்பு. செல்லோ எல்லாமே தப்பு. ஒவ்வொன்றாக இறங்க இறங்க, நேற்று நான் வியந்த அத்தனை ஏற்ற இறக்கமும் மறைந்து, பாட்டு ஒரே சுருதியில் சாதுவாக வந்து நின்றது.

கடைசிச் சரணம் வந்தது. "இங்க பாதிக்கு மேலயும் உன் திரையில இருக்கற மாதிரியேதான் காட்டுது" என்றார். திரும்பப் போட்டோம். மறுபடியும் அப்படியேதான் காட்டியது. சரணத்தின் பாதியில் சார் உண்மையாகவே அரைக்கட்டை ஏற்றியிருந்தார். மொத்தத்தையும் இறக்கியிருந்தால் அதுவும் போயிருக்கும்.

அச்சடித்த தாள்களை அள்ளிக்கொண்டு கிளம்பினோம். டிரைவிங் ஸ்கூல் வண்டியில், பயிற்சி வண்டி என்ற பலகை கூரையில் ஆட, அவர் ஓட்ட, நான் பக்கத்து சீட்டில். அந்தப் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. வழியெல்லாம் என் கால் அதைத் தேடிக்கொண்டே இருந்தது.

"நான் வெளியவே இருக்கேன். முடிஞ்சதும் நேரா டாக்டர். அப்பாயின்ட்மென்ட் வாங்கிட்டேன். மாட்டேன்னு சொன்ன, அந்த கிளாஸ் கதவுக்குள்ளயே வந்து தூக்கிட்டுப் போயிடுவேன்."

ஸ்டூடியோ வராந்தாவில் வில்லன் நின்றிருந்தார். முதல் வயலின் வாசிக்கும் பெரியவர். எப்போதும் கையில் வில்லோடு திரிவதால் வந்த பெயர். மனிதர் பரம சாது. என் கையிலிருந்து தன் தாளை உருவிப் பார்த்துக்கொண்டே, தலையை ஒருபக்கமாகச் சாய்த்தார்.

"கொஞ்சம் சத்தமா பேசும்மா. இந்தப் பக்கம் எனக்கு எப்பவோ மந்தமாயிடுச்சு. காலம்பூரா வயலினை இந்தக் காதுக்குக் கீழதான வெச்சுக்கிட்டிருக்கேன்."

"சார்கிட்ட சொன்னீங்களா?"

"எதுக்கு? நீதான் இருக்கியே. உன் தலை ஆடிச்சுன்னா சரியா இருக்குன்னு அர்த்தம். நான் அதைப் பாத்துத்தான் ஓட்டிக்கிட்டிருக்கேன்."

ஆறுதலாகச் சொன்னார். எனக்கு ஆறுதலாக இல்லை. இதுவரை என் ஒரு வேலையைப் பற்றித்தான் பயந்துகொண்டிருந்தேன். இந்தக் காதில் இன்னும் எத்தனை பேர் சாய்ந்திருக்கிறார்கள் என்று யாரிடம் போய்க் கேட்பது?

தாள்களை ஸ்டாண்டு ஸ்டாண்டாக வைத்துவிட்டு என் நாற்காலியில் உட்கார்ந்தேன். வயலின் வரிசைகளுக்குப் பக்கவாட்டில், கண்ணாடியைப் பார்த்தபடி ஒரு நாற்காலி. அதில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள். சார் உள்ளிருந்து கையைத் தூக்கினார். பாடகியின் குரல் ஸ்பீக்கரில் வந்தது. அவளை அன்றுதான் முதலில் கேட்கிறேன். வாத்தியங்கள் சேர்ந்துகொண்டன.

கூழ். வேறு வார்த்தை கிடைக்கவில்லை. இரண்டு காதும் இரண்டு கச்சேரி கேட்டன. எல்லோருடைய முகத்தையும் பார்த்தேன், யாரும் முகம் சுளிக்கவில்லை. கூந்தலைச் சரிசெய்வது போல இடது கையைத் தூக்கி, ஒரு விரலால் காதின் வாசலை மெல்ல அடைத்தேன். கூழ் தெளிந்தது. குரலும் வயலின்களும் ஒன்றாக, சுத்தமாக, ஒரே சுருதியில் போய்க்கொண்டிருந்தன. இடையிசை சரி. செல்லோ சரி. முள்வேலி வாத்தியாருக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

கடைசிச் சரணம் வந்தது. பாதியில் அரைக்கட்டை ஏறியது. குரலும் ஏறியது, வயலின்களும் ஏறின. சுருதி சுத்தம், ஒரு குறையும் இல்லை. ஆனால் நன்றாக இல்லை. அதுவரை பக்கத்தில் உட்கார்ந்து மெல்லப் பேசிக்கொண்டிருந்த பாட்டு, திடீரென்று எழுந்துபோய் மைக்கைப் பிடித்துக்கொண்டது போல இருந்தது. பாடகியின் குரலும் அந்த உயரத்தில் மெலிந்து போனது. பாட்டு முடிந்தபோது எனக்கு அது முடிந்த மாதிரியே இல்லை.

சார் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். வில்லன் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். சுருதி சரியா என்பதுதான் கேள்வி. சரிதான். தலையாட்டினால் போதும், என் குட்டு என்னோடு போகும்.

நான் ஆட்டுவதற்குள் சார் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். முகத்தில் தூக்கமில்லாத களைப்பும் ஒரு கூச்சமும்.

"அந்த ஏத்தம் எப்படி இருந்துச்சு? நேத்து வரைக்கும் எனக்கு அதுல சந்தேகம்தான். அந்தப் பொண்ணை ரெண்டு விதமாவும் பாட வெச்சு வெச்சிருந்தேன், ஏத்தியும் ஏத்தாமலும். எடுத்துடலாம்னு முடிவே பண்ணிட்டேன். அப்பத்தான் உங்க மெசேஜ் வந்துச்சு. 'பின்னிட்டீங்க'ன்னு. உங்க காதே சொல்லிடுச்சு, அப்புறம் என்னன்னு வெச்சுட்டேன்."

நேற்று நான் பாராட்டியது என் காதின் கோளாறை. அதை நம்பி இவர் தன் பாட்டை மாற்றியிருக்கிறார். இப்போது தலையாட்டினால் அது அப்படியே பதிவாகிவிடும், அப்புறம் ஊரெல்லாம் கேட்கும், அந்த இடம் வரும்போதெல்லாம் நான் ரேடியோவை அணைக்க வேண்டியிருக்கும். வேண்டாம் என்று சொன்னால், நேற்று ஏன் ஆகா ஓகோ என்றாய் என்ற கேள்வி வரும். அதற்கு என்னிடம் ஒரே ஒரு பதில்தான் இருந்தது.

"சார், அந்த ஏத்தம் வேணாம்."

"என்னது?"

"நல்லா இல்ல சார். நேத்து நான் சொன்னது அந்த இடத்தை இல்ல. நேத்து எனக்குப் பாட்டு பூரா ஏறி இறங்கிச்சு. எனக்கு இடது காது கெட்டுப்போச்சு சார். சத்தத்தை அரைக்கட்டை ஏத்திக் காட்டுது. இன்னைக்குக் காலையிலதான் கண்டுபிடிச்சேன்."

வில்லனுக்கு நான் சொன்னது கேட்டிருக்காது. பக்கத்தில் இருந்தவர் அவருடைய நல்ல காதில் குனிந்து சொன்னார். அவர் வில்லை மெல்ல மடியில் இறக்கினார்.

சார் ஸ்டாண்டில் இருந்த தாளைப் பார்த்தார். அவருக்குப் படிக்க வராது. ஆனாலும் பார்த்தார்.

"அப்போ இந்த நோட்டெல்லாம்?"

"சரியாத்தான் சார் இருக்கு. டியூனர் வெச்சுப் பாத்து எல்லாத்தையும் திருத்திட்டேன். என் வீட்டுக்காரர் படிச்சுச் சொன்னார்."

"யாரு? காலிங் பெல் அடிச்சா போனை எடுப்பாரே, அவரா?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. அவர் என் தலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார், எதில் கோளாறு என்று வெளியே தெரியும் என்பது போல.

"இன்னொரு காது?"

"அது நல்லா இருக்குன்னு நெனக்கிறேன் சார்."

"நெனக்கிறீங்களா?"

"நாளைக்கு என்ன ஆகும்னு தெரியாது. இப்போ நல்லா இருக்கு."

அவர் உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இன்ஜினியரிடம் ஏதோ சொன்னார், வாயசைவு மட்டும் தெரிந்தது. வேறு ஆளைக் கூப்பிடச் சொல்கிறார் என்றே நினைத்தேன். என் பையை எங்கே வைத்தேன் என்று காலால் துழாவினேன். அப்போது ஸ்பீக்கரில் பாடகியின் குரல் வந்தது, கடைசிச் சரணம், ஏற்றாமல் பாடியது. வாத்தியம் எதுவும் இல்லாமல் வெறும் குரல். இந்த முறை நான் கூந்தலைச் சரிசெய்வது போல நடிக்கவில்லை. உள்ளங்கையை முழுதாக இடது காதின் மேல் வைத்து அழுத்தினேன். பாட்டு எழுந்து போகவில்லை. கடைசி வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது.

"இதுதான் சார்" என்றேன். மைக்கில் அவருக்குக் கேட்டது.

லேப்டாப்பைத் திறந்தேன். அந்தச் சரணத்தின் பின்பாதியைத் தேர்ந்தெடுத்து ஒரே அழுத்து. புள்ளிகள் அரைக்கட்டை இறங்கின. இவ்வளவுதான் வேலை. இதற்காகத்தான் காலையிலிருந்து செத்துப் பிழைத்தேன். ஸ்டூடியோ பிரிண்டர் முக்கி முனகித் தாள்களைத் துப்பியது. ஒவ்வொரு ஸ்டாண்டாகப் போய்ப் பழைய தாளை எடுத்துப் புதியதை வைத்தேன். சிலர் என் முகத்தைப் பார்த்தார்கள், சிலர் பார்க்காமல் இருக்கச் சிரமப்பட்டார்கள். வில்லன் மட்டும் என் மணிக்கட்டைப் பிடித்து ஒருமுறை அழுத்தி விட்டார்.

என் நாற்காலிக்குத் திரும்பினேன். உட்காரலாமா என்று ஒரு கணம் தயங்கி, உட்கார்ந்தேன். சார் உள்ளிருந்து மைக்கில் பேசினார்.

"முழுசா ஒரு ஒத்திகை பாத்துடலாம். பாம்புக்காது..."

"சார்?"

"அந்தக் கையை எடுத்துடாதீங்க."

எடுக்கவில்லை. மூடிய காதுக்குள் என் ரத்தம் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பாட்டு தொடங்கியது, ஓடியது, கடைசிச் சரணத்தைக் கடந்தது, முடிந்தது. வில்கள் கம்பியை விட்டு எழுந்து காற்றில் நின்றன. அத்தனை கண்களும் என் தலையில். வெளியே பயிற்சி வண்டியில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். டாக்டர் என்ன சொல்வாரோ, இது திரும்புமா, மற்றதும் இதன் பின்னாலேயே போய்விடுமா, ஒன்றும் தெரியாது. இப்போதைக்கு எனக்கு இருந்தது வலது காது ஒன்றுதான். அது சரி என்றது. அதை நம்புவதைத் தவிர எனக்கும் வேறு வழியில்லை, இவர்களுக்கும் இல்லை.

தலையை ஆட்டினேன்.